ஒரு நாற்காலியும் பதினோரு பேரும்

சான் ஹெர்வாசியோ,
1694 ஜனவரி 14

அன்புள்ள பெனிதா அக்காவுக்கு,

தம்பி ஃபெர்மின் வணக்கத்துடன் எழுதுவது. ஆண்டவர் அருளால் நானும் பெத்ரோனிலாவும் சுகமாக இருக்கிறோம். மலைக்குளிரில் அவளுக்கு இருமல் மட்டும் விடவில்லை. உங்கள் முழங்கால் வலி எப்படி? விடுதியில் ஆட்கள் தங்குகிறார்களா? ஜனங்கள் வழக்கு போட லிமாவுக்கு வந்துகொண்டிருக்கும்வரை உங்கள் அறைகள் காலியாக இருக்காது என்று நம்புகிறேன்.

ஒரு நல்ல செய்தி. ஆளுநர் மாளிகைக்கு என்னைத் தலைமை எழுத்தராக்கிவிட்டார்கள். பதினாறு வருடம் ஜன்னலில்லாத மூலையில் உட்கார்ந்து நகல் எடுத்தவன். இனி என் கையெழுத்து விழாத தாள் இந்த மாகாணத்தில் செல்லாது.

புது ஆளுநர் டோன் மெல்ச்சோர் அக்டோபரில் வந்தார். ஸ்பெயினில் ஏதோ ஒரு கோட்டைக்குத் தளபதியாக இருந்தாராம். அந்தக் கோட்டையை யாரும் தாக்கவே இல்லை, அதனால் அவர் தோற்றதும் இல்லை. அந்தப் பெருமையில்தான் நடக்கிறார். வந்து மூன்று மாதம் ஆவதற்குள் எங்கள் திருச்சபைத் தலைவர் ஆயர் அந்தோலினோடு அவருக்குச் சண்டை மூண்டுவிட்டது. காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள்.

புத்தாண்டுப் பூசைக்கு மாளிகையிலிருந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் பீடத்துக்கு வலப்பக்கம் போட்டோம். ஆளுநர் வந்து பார்த்தால் மேலே கிடந்த வெல்வெட் மெத்தையைக் காணோம். ஆயரின் ஆட்கள் உருவிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஆளுநர் எல்லார் முன்னாலும், "மெத்தை எங்கே?" என்று கேட்டார். பீடத்தில் நின்ற ஆயர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "கோயிலுக்குள்ள மெத்தை எனக்கு மட்டும்தான்" என்றார். ஆளுநர் இரண்டு மணி நேரம் வெறும் பலகையில் உட்கார்ந்து பூசை கண்டார்.

மறுநாள் என்னை நூல்கயிற்றோடு கோயிலுக்கு அனுப்பினார். ஆயரின் ஆசனத்தைவிட ஆளுநரின் நாற்காலி நாலு விரல் தாழ்வு என்று அளந்து, மூன்று பக்கத்துக்குச் சாசனம் எழுதி, முத்திரை வைத்தேன். அது கப்பலேறி மன்னருக்குப் போகிறது. உலகத்தில் பாதியை ஆளுகிறவர் எங்கள் நாலு விரலைப் படிக்கப்போகிறார்.

உங்கள் ஆசியை நாடும்
ஃபெர்மின்


லிமா,
பிப்ரவரி 9

தம்பி ஃபெர்மினுக்கு,

அக்காவின் ஆசி. எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை. பெத்ரோனிலாவைப் பூண்டு தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்த பாலைக் காலையில் குடிக்கச் சொல். முகம் சுளிப்பாள், விடாதே.

உனக்குப் பதவி கிடைத்ததில் சந்தோஷம். அம்மா இருந்திருந்தால் தெரு முழுக்கச் சொல்லியிருப்பாள். உன் ஆளுநரைப் பற்றியும் ஆயரைப் பற்றியும் எழுதியதை என் விடுதிக்காரர்களுக்கு வாசித்துக் காட்டினேன். ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. எங்கள் ஊரிலும் அதே கதைதான், அங்கே சண்டை குடைக்காக என்றார் ஒருவர். இந்தக் கடல் தாண்டி வருகிறவர்களுக்கு ஊரில் உட்கார இடமில்லையோ என்னவோ, இங்கே வந்ததும் முதலில் நாற்காலியைத்தான் தேடுகிறார்கள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். இரண்டு பெரிய மனிதர்கள் முட்டிக்கொண்டால் நடுவில் நசுங்குவது தாளில் கையெழுத்துப் போட்டவன்தான். இந்த விடுதியில் பதினொரு வருடமாக அதைத்தான் பார்க்கிறேன். நாற்காலியை எத்தனை முறை வேண்டுமானாலும் அள. கண்ணால் பார்க்காத எதற்கும் கையெழுத்துப் போடாதே.

அங்கோமாயோ ஊர்த்தலைவர் டோன் லோரென்சோ எப்படி இருக்கிறார்? நிலவழக்குக்காக நாலு வருடம் முன்பு என்னிடம் தங்கியபோது, போகிற அன்று அறையைத் தானே பெருக்கி வைத்துவிட்டுப் போனவர். என் விடுதியில் வேறு யாரும் அப்படிச் செய்ததில்லை. அவர் மகள், ஞானஸ்நானத்தில் நீ ஏந்திய உன் ஞானமகள் ஊர்சுலாவுக்குப் பத்தொன்பது ஆகியிருக்குமே. அவளைக் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா
பெனிதா


சான் ஹெர்வாசியோ,
மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். பால் வைத்தியம் பலித்தது, இருமல் பாதி குறைந்துவிட்டது. உங்கள் வலிக்கு இங்கிருந்து லாமா மிருகக் கொழுப்பு ஒரு டப்பா அனுப்பியிருக்கிறேன். சூடாக்கித் தேயுங்கள்.

இங்கே கூத்து முற்றிவிட்டது. ஆளுநர் இன்னொரு மெத்தை தைத்து நாற்காலியோடு சேர்த்து ஆணியடித்துவிட்டார். ஆயர் நாற்காலியையே தெருவில் போட்டார். ஆளுநர் கோயில் வாசலில் காவல் வைத்தார். ஆயர் அவரைச் சபையிலிருந்து விலக்கி, அந்த ஓலையைக் கோயில் கதவில் ஒட்டினார். ஆளுநர் அதைக் கிழித்து வரச் சொன்னார். கிழித்த காவலனும் சபை விலக்கு. கடைசியாக, ஆளுநர் மன்னிப்புக் கேட்கும்வரை ஊரில் ஒரு மணியும் அடிக்கக்கூடாது என்று ஆயர் உத்தரவு போட்டார். இப்போது எங்களுக்கு நேரமே தெரிவதில்லை. அவரவர் பசித்தபோது மதியம் என்று வைத்துக்கொள்கிறோம்.

போன மாதம் கம்பளிப் பட்டறையில் தீப்பிடித்தது. பட்டறை ஆளுநரின் மைத்துனர் பெயரில் இருக்கிறது, உண்மையில் யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும். வருடாவருடம் கட்டாயமாக அழைக்கப்படும் முறைவேலைக்கு வந்த அங்கோமாயோ ஆட்கள் சாயக் கொட்டகையில் இருந்திருக்கிறார்கள். ஓடிப்போவார்கள் என்று மேஸ்திரி வெளியே பூட்டியிருந்தான். பதினோரு பேர். மணியடிக்கத் தடை இருந்ததால் மணியில்லாமலே புதைத்தார்கள்.

டோன் லோரென்சோ வந்திருந்தார். பதினோரு பெயரையும் எழுதி, இந்த வருடம் தன் ஊர் ஆட்களை முறைவேலைக்கு அழைக்கக்கூடாது என்று மனு கொண்டுவந்தார். வாங்கி வைத்துக்கொண்டு அவருடைய நகலில் பெற்றதாக எழுதிக் கொடுத்தேன். ஆளுநரிடம் இன்னும் காட்டவில்லை. இப்போது அவரிடம் நாற்காலியைத் தவிர எதையும் பேச முடியாது.

ஊர்சுலாவும் கூட வந்திருந்தாள். உங்களைக் கேட்டாள்.

ஃபெர்மின்


லிமா,
மார்ச் 30

தம்பிக்கு,

சுகம்தான். கொழுப்பு வந்தது, நாற்றம் தாங்கவில்லை, ஆனால் கேட்கிறது.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நாற்காலிக்கு ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். பூட்டிய கொட்டகையில் வெந்து செத்த பதினோரு பேருக்கு ஏழு வரி. அந்த ஏழு வரியில் உனக்கு என்ன தோன்றியது என்று ஒரு சொல் இல்லை.

உன் ஆயர் செத்தவனுக்கு அடிக்கிற மணியைக்கூட ஆளுநரை அடிக்கிற கம்பாக்கிவிட்டார். உன் ஆளுநர் பட்டறை எரிந்ததைக்கூடக் கண்டுகொள்ளாமல் மெத்தைக்கு ஆணியடித்துக்கொண்டிருக்கிறார். இவர்களில் யார் பெரியவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, இரண்டு பேரும் ஒரே உயரம்தான்.

மனுவை ஆளுநர் கையில் கொடு. படிக்கமாட்டார். படிக்காவிட்டாலும் கொடு. கொடுத்த தேதியை எனக்கு எழுது.

பெத்ரோனிலாவுக்கு அன்பு.

பெனிதா


சான் ஹெர்வாசியோ,
மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். உங்கள் நலம் அறிய ஆவலாக இருக்கிறோம். பதில் தாமதமானதற்கு மன்னிக்க வேண்டும், அலுவலகத்தில் மூச்சுவிட நேரமில்லை.

எப்படியோ மனு விஷயம் ஆயர் காதுக்கு எட்டிவிட்டது. உயிர்ப்பு ஞாயிறு அன்று பிரசங்கத்தில் பதினோரு பெயரையும் வாசித்தார், குரல் தழுதழுக்க. பெண்கள் அழுதார்கள். பிப்ரவரியில் அதே பதினோரு பேரை மணியில்லாமல் புதைக்கச் சொன்னவர் இவர்தான் என்பது அப்போது யாருக்கும் நினைவில் இல்லை. கடைசியில், "இந்த மனுவை மாளிகையில கொடுத்தாங்க. கொடுத்தது எங்க போச்சுன்னு நாற்காலிக்காரரைக் கேளுங்க" என்று முடித்தார்.

ஆளுநர் மூன்று நாள் யாரையும் பார்க்கவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டார். சில சான்றிதழ்கள் எழுத வேண்டியிருந்தது. அலுவலக வேலை, உங்களுக்குச் சலிப்பாக இருக்கும்.

நம் குடும்பத்துக்கு ஒரு கௌரவம் கிடைத்திருக்கிறது. கோயிலில் இப்போது காலியாகக் கிடக்கும் ஆளுநர் இடத்துக்குப் பின்வரிசையில், மாளிகைக்கு உரிய சாய்மானம் வைத்த பெஞ்சில் ஆளுநர் எனக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார். இதுவரை எழுத்தர்களில் யாருக்கும் கிடைக்காதது. பெத்ரோனிலா புது மேலாடை தைத்துக்கொண்டாள்.

மழை நின்றுவிட்டது. பகலில் நல்ல வெயில்.

ஃபெர்மின்


லிமா,
ஜூன் 10

ஃபெர்மினுக்கு,

எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. நீயும் நலமாக இருப்பாய் என்று தெரியும். சாய்ந்து உட்கார இடம் கிடைத்திருக்கிறதே.

போன வெள்ளிக்கிழமை மதியம், நான் மக்காச்சோளம் புடைத்துக்கொண்டிருந்தபோது ஊர்சுலா வந்து வாசலில் நின்றாள். கம்பளி வியாபாரிகளோடு பத்தொன்பது நாள் நடந்து வந்திருக்கிறாள். காலில் தோல் இல்லை. தண்ணீர் குடித்துவிட்டு, இடுப்புத் துணிக்குள்ளிருந்து மடித்த ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மாளிகையில் அப்படி ஒரு மனு பெறப்படவே இல்லை என்று ஏப்ரல் இருபதில் தலைமை எழுத்தர் சான்றிதழ் கொடுத்தாராம். அதைச் சந்தையில் பறையடித்து வாசித்தார்களாம். கொடுக்காத மனுவைக் கொடுத்ததாகப் பொய் சொல்லி, ஆயரின் பேச்சைக் கேட்டு ஊரைத் தூண்டிவிட்டார் என்று டோன் லோரென்சோவைச் சிறையில் போட்டார்களாம். ஊர்சுலா உன்னைத் தேடி மாளிகைக்கு வந்தாளாம்.

"ஞானத்தகப்பன் படியில நின்னாரு, அத்தை. என்னை நேரா பார்த்தாரு. பார்த்துட்டு, இந்தப் பொண்ணு யாருன்னு காவல்காரன்கிட்ட கேட்டாரு."

இதைச் சொல்லும்போது அவளுக்குக் கோபம்கூட இல்லை. இன்னும் அவளுக்கு விளங்கவில்லை, அவ்வளவுதான்.

தாள் என் முன்னால் இருக்கிறது. ஓரத்தில், "பெற்றேன். பிப்ரவரி 26. ஃபெர்மின்" என்று எழுதியிருக்கிறது. இது உன் கையெழுத்தா? ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்றை எழுது. வெயிலைப் பற்றி எழுதாதே.

பெனிதா


சான் ஹெர்வாசியோ,
ஜூலை 2

என் அன்பான அக்காவுக்கு,

உங்களுக்கும் உங்கள் வீட்டில் இருக்கிறவளுக்கும் ஆண்டவர் சுகம் தரட்டும்.

நீங்கள் என் நிலையைப் புரிந்துகொள்ள வேண்டும். நான் எழுதாவிட்டால் மூலை மேசைக்காரன் எழுதியிருப்பான். அவனுக்கு டோன் லோரென்சோ யாரென்றே தெரியாது. எனக்குத் தெரியும், அதனால் நாளைக்கு ஏதாவது உதவி செய்யலாம் என்று நினைத்தேன்.

நிலைமை இப்போது மாறிவிட்டது. மாகாணத்தை விசாரிக்க லிமாவிலிருந்து ஒரு நீதிபதி வரப்போகிறார் என்று தெரிந்ததும் ஆளுநரும் ஆயரும் சமாதானமாகிவிட்டார்கள். ஜூன் பத்தொன்பதாம் தேதி கோயில் உடைமாற்றும் அறையில் உட்கார்ந்து பேசினார்கள். உடன்படிக்கையை நான்தான் எழுதினேன். நாற்காலி நாலு விரல் தாழ்வாகவே இருக்கும், ஆனால் மெத்தை உண்டு. சபை விலக்கு ரத்து. மணிகள் அன்றே அடிக்கும்.

எழுதி முடித்ததும் ஆயர் கேட்டார், "அந்தப் பதினோரு பேரு?"

ஆளுநர், "எந்தப் பதினோரு பேரு?" என்றார்.

"அதைத்தான் கேட்டேன்" என்றார் ஆயர். இருவரும் கட்டித் தழுவிக்கொண்டார்கள்.

அக்கா, நீதிபதி கையில் அந்த நகல் போனால் ஆளுநர் தப்பிவிடுவார், ஆயர் தப்பிவிடுவார், நான்தான் மாட்டுவேன். நகலை எரித்துவிடுங்கள். எரித்துவிட்டதாக ஒரு வரி எழுதினால் போதும், டோன் லோரென்சோவை ஒரே வாரத்தில் வெளியே கொண்டுவருகிறேன். ஆளுநர் எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். ஊர்சுலாவிடம் சொல்லுங்கள். அவளுக்கு அப்பா வேண்டுமா, தாள் வேண்டுமா?

இந்தக் கடிதத்தையும் எரித்துவிடுங்கள்.

உங்கள் தம்பி


லிமா,
ஜூலை 25

ஃபெர்மினுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். அவள் கால் ஆறிவிட்டது. சமையலறையில் எனக்குக் கூடமாட இருக்கிறாள்.

உன் கடிதத்தை அவளுக்கு முழுக்க வாசித்தேன், கட்டித் தழுவியதையும் விடாமல். கேட்டுவிட்டு வெகுநேரம் பாத்திரம் தேய்த்தாள். பிறகு, "எரிச்சிருங்க அத்தை. அப்பா வந்தா போதும். செத்தவங்களுக்கு அவர் வந்து வேற மனு எழுதுவாரு" என்றாள்.

நான் தாளை எடுத்துக்கொண்டு அடுப்பருகே போனேன். ஒளிக்காமல் சொல்கிறேன், உனக்காகவும்தான் போனேன். நீ எவ்வளவு கேவலமாக நடந்திருந்தாலும் எனக்கு வேறு தம்பி இல்லை.

ஆனால் உன் கடிதத்தில் ஒன்று இடித்தது. ஆளுநர் எப்படி இருக்கிறார், ஆயர் எப்படி இருக்கிறார், நாற்காலி எப்படி இருக்கிறது, எல்லாம் எழுதியிருக்கிறாய். டோன் லோரென்சோ எப்படி இருக்கிறார் என்று ஒரு சொல்கூட இல்லை.

அவர் கையால் ஒரு வரி வாங்கி அனுப்பு. "நலம்" என்று எழுதினால் போதும். அது வந்த அன்றே நகல் அடுப்புக்குள் போகும்.

பெனிதா


சான் ஹெர்வாசியோ,
ஆகஸ்ட் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

மாதாவின் விண்ணேற்புத் திருநாள் இந்த வருடம் மிகவும் சிறப்பாக நடந்தது. ஆளுநரும் ஆயரும் ஒரே விதானத்தின் கீழ் நடந்து வந்தார்கள். காளைச் சண்டை மூன்று நாள். பெத்ரோனிலாவுக்கு இருமல் முழுக்கக் குணமாகிவிட்டது. ஆயரே அவளை விசாரித்தார்.

நீங்கள் கேட்டிருந்த வரியைப் பற்றி. டோன் லோரென்சோவுக்குக் கையில் வீக்கம், இறகுப் பேனா பிடிக்க முடியவில்லை. மற்றபடி சுகமாக இருக்கிறார். உங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னார். மகளுக்கு ஆசி சொன்னார். அவரும் எரித்துவிடச் சொல்கிறார்.

நீதிபதி நவம்பரில் வருகிறாராம். சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

ஃபெர்மின்


லிமா,
செப்டம்பர் 22

ஃபெர்மின்,

உன் கடிதம் வந்து சேர்ந்தபோது உங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு துறவி என் விடுதியில் தங்கியிருந்தார். சகோதரர் கிளெமென்ட்டே. சிறையிலிருந்து வரும் பிணங்களை அடக்கம் செய்கிறவர். நான் கேட்பதற்கு முன்னால் ஊர்சுலாவே அவரிடம் தன் அப்பாவைப் பற்றிக் கேட்டாள். அவர் எழுந்து நின்றுவிட்டார். அதிலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

சிறையில் பரவிய காய்ச்சலில் ஜூன் பதினெட்டில் இறந்திருக்கிறார். பத்தொன்பதாம் தேதி காலை அடக்கம்.

ஊர்சுலா அழவில்லை. "மணி அடிச்சாங்களா?" என்று மட்டும் கேட்டாள். அந்த மனிதர் பொய் சொல்லத் தெரியாதவர். "அடிச்சுது, மகளே. ஊர்ல எல்லா மணியும் அடிச்சுது. அவருக்காக இல்ல" என்றார்.

அன்றைய தேதியில்தான் நீ உடன்படிக்கை எழுதினாய். பதின்மூன்று நாள் கழித்து எனக்கு எழுதினாய், ஒரே வாரத்தில் அவரை வெளியே கொண்டுவருவேன் என்று. ஆகஸ்டில் செத்தவரின் வாயால் மகளுக்கு ஆசி சொன்னாய். ஆளுநரையும் ஆயரையும் பார்த்து நான் சிரித்தேன். அவர்கள் நாற்காலிக்காகச் சண்டை போட்ட முட்டாள்கள். செத்த அப்பனைக் காட்டி மகளிடம் பேரம் பேசும் துணிச்சல் அவர்களுக்குக்கூட இல்லை. அதற்கு நம் வீட்டுப் பிள்ளை தேவைப்பட்டான்.

புறப்படத் தயாராகும் நீதிபதியைத் திங்கட்கிழமை பார்த்தோம். நகலை ஊர்சுலா அவர் கையில் கொடுத்தாள். ஓரத்தில் இருக்கும் எழுத்து யாருடையது என்று சாட்சி சொல்ல ஆள் வேண்டும் என்றார்கள். நான் சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்து, "இது என் தம்பி கையெழுத்து" என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். உன் கடிதங்கள் எல்லாவற்றையும் மேசையில் வைத்தேன்.

நீ தப்பி ஓட நினைத்தால் இந்தக் கடிதம் உனக்கு முன்கூட்டியே கிடைக்கும். வேண்டுமென்றுதான் அனுப்புகிறேன். ஓடுகிறாயா, நிற்கிறாயா என்று பார்க்கவேண்டும்.

பெனிதா


சான் ஹெர்வாசியோ,
1695 ஜனவரி 20

அக்காவுக்கு,

உங்கள் சுகத்தைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

நான் ஓடவில்லை. துணிச்சலால் அல்ல, போக இடமில்லை.

நீதிபதி ஏழு வாரம் இருந்தார். பட்டறையை மூடச் சொன்னார். அங்கோமாயோவுக்கு ஐந்து வருடம் முறைவேலை கிடையாது. மேஸ்திரிக்குக் கசையடி. மற்றவை நான் அன்றே சொன்னபடி. ஆளுநர் விசாரணையில், "எழுத்தர் கொடுத்த சான்றிதழை நம்பினேன். நான் வேற என்ன பண்ண முடியும்?" என்றார். அவரைக் கடற்கரை மாகாணத்துக்கு மாற்றிவிட்டார்கள், இதைவிடப் பெரியது. ஏழைகளுக்காக முதலில் குரல் கொடுத்தவர் என்று ஆயரின் பெயர் தீர்ப்பில் இருக்கிறது. நான் இனி எந்த அலுவலகத்திலும் இறகு தொடக்கூடாது. மார்ச் கடைசிக்குள் மாகாணத்தைவிட்டுப் போகவேண்டும். பெத்ரோனிலா அவள் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள்.

உங்களுக்கு எழுதாத ஒன்றை இப்போது எழுதுகிறேன். ஜூன் முதல் வாரத்தில் சிறைக்குப் போயிருந்தேன். அவருக்குக் காய்ச்சல் தொடங்கியிருந்தது. திட்டுவார் என்று நினைத்துப் பதில் எல்லாம் தயார் செய்துகொண்டு போனேன். அவர் திட்டவில்லை. "மனு கொடுத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. என்னை வெளியே விட வேண்டாம். பொய்க்காரன்னு பேரு மட்டும் ஊர்ல இருக்க வேண்டாம்" என்றார். பார்க்கலாம் என்றேன். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போய் என் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

மனுவின் மூலத்தை ஏப்ரலில் நானே எரித்தேன். பதினோரு பெயரும் மறக்கவில்லை. மறக்க முயன்றேன்.

உங்கள் விடுதியில் ஓர் அறை கிடைக்குமா? கொட்டகையாக இருந்தாலும் சரி.

ஃபெர்மின்


லிமா,
பிப்ரவரி 16

ஃபெர்மினுக்கு,

நான் சுகம். ஊர்சுலா சுகம்.

உன் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். அவள் அப்பா அவளுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்திருக்கிறார், மெல்லத்தான் படிப்பாள். சிறையில் அவர் சொன்னதை எழுதியிருந்தாயே, அந்த இடத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டு வெளியே போனாள். திரும்பி வந்து மிச்சத்தையும் படித்து முடித்தாள்.

நீ வரலாமா என்று அவளைத்தான் கேட்டேன். என்னைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன்.

பதினோரு வீட்டுக்கும் ஆதரவு கேட்டு, டோன் லோரென்சோ பொய் சொல்லவில்லை என்று அந்த ஊர்ச் சந்தையிலேயே பறையடித்து வாசிக்கக் கேட்டு, மேல்மனு போட இருக்கிறாள். வருடக்கணக்கில் இழுக்கும் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். இழுக்கட்டும் என்கிறாள். அவள் எழுத்து நீதிமன்றத்துக்குப் போதாது. வெளியே எழுதிக்கொடுக்கிறவர்கள் அவளைப் பார்த்ததும் பாதியை விட்டுவிட்டு எழுதுகிறார்கள்.

"வரட்டும் அத்தை. எழுதத் தெரிஞ்ச ஆள் வேணும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மன்னித்ததாக நீயாக நினைத்துக்கொண்டு வந்துவிடாதே.

நீ எழுதுவாய், அவள் ஒவ்வொரு வரியாகப் படிப்பாள், அவள் பெயரில் அவள் கையெழுத்துப் போடுவாள். உன் பெயர் சாட்சிப் பட்டியலில் மட்டும் இருக்கும், எரித்தவன் என்று.

வழியில் மழையில் நனையாதே. உடம்பைப் பார்த்துக்கொள். வேலை இருக்கிறது.

பெனிதா